பங்கும் வரியும்

காஞ்சியில் தறியோசை கேட்கும் தெருக்களிலிருந்து இன்று இளைஞர் பலர் விடியற்காலையில் பேருந்தேறி, ஸ்ரீபெரும்புதூருக்கும் சென்னையின் கணினி நிறுவனங்களுக்கும் செல்கின்றனர். அவர்களுள் சிலருக்குச் சம்பளத்தோடு நிறுவனத்தின் பங்குகளும் வழங்கப்படுகின்றன. (பங்கு என்றவுடன் நம்மவர்க்குக் கோவிலும் பங்குப் பேரவையுமே நினைவுக்கு வரும், ஈண்டு நாம் குறிப்பது மூலதனத்தின் ஒரு கூறு.) பெற்றோர் மகிழ்வது இயல்பே. ஆயினும் அப்பங்கைக் கையில் வாங்கும்போதே, ஒரு காசும் வீட்டுக்கு வருமுன்னரே, வரி வந்து நிற்கும் என்பதைப் பலர் அறியார்.

நெசவாளி ஒருவருக்குக் கூலிப் பணத்துக்குப் பதிலாகப் பட்டுச் சேலையொன்றைக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். அவர் அதை விற்றாலும் பெட்டியில் பூட்டி வைத்தாலும் அது கூலியே. பங்கையும் சட்டம் இவ்வாறே நோக்குகிறது. 2007 முதல் இரண்டாண்டுகள் இவ்வரி நிறுவனத்தின்மீது விதிக்கப்பட்டிருந்தது; 2009 ஏப்ரல் முதல் பங்கின் பயன் ஊழியரின் சம்பள வருமானத்தில் சேர்க்கப்படுகிறது.

ஓர் ஊழியருக்கு, பங்கொன்று 10 ரூபாய் வீதம் 1,000 பங்குகள் வாங்கும் உரிமை தரப்படுகிறது என்க. உரிமை தரப்படும் நாளில் வரியில்லை. காத்திருப்புக் காலம் கழிந்து, அவர் 10,000 ரூபாய் செலுத்திப் பங்குகளை எடுக்கும் நாளில் ஒன்றின் மதிப்பு 200 ரூபாயாக இருந்தால், இடைப்பட்ட 1,90,000 ரூபாயும் அவருடைய சம்பளமாகிவிடும். முப்பது விழுக்காட்டு வரம்பில் உள்ளவருக்கு, மேல்வரியுடன் 59,280 ரூபாய் வரி. இத்தொகையை நிறுவனமே சம்பளத்தில் பிடித்தாக வேண்டும். ஆக, கையைவிட்டுப் போவது 69,280 ரூபாய், வந்ததோ காகிதம்! நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெறாததாயின் அதை விற்பதும் அரிது. இதற்காக வீட்டு நகையை அடகு வைப்பது எவ்விதத்திலும் தகாது என்பது என் கருத்து.

பின்னர் விலை ஏறினால், 200 ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு மட்டும் மூலதன ஆதாய வரி உண்டு. விலை 80-க்கு இறங்கி விற்க நேர்ந்தால் 1,20,000 ரூபாய் நட்டம். அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க இயலாது. அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் வரும் மூலதன ஆதாயத்தில் கழிக்கலாம். கட்டிய வரி திரும்பாது.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. சென்னையில் 2010-இல் தோன்றிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் 36 டாலர் விலையில் பங்கு வெளியிட்டது. ஊழியர் ஐந்நூற்றுவருக்கு மேற்பட்டோர் கோடீசுவரராயினர் என்று நாடே பேசிற்று. மறு ஆண்டின் இறுதியில் அப்பங்கு 15 டாலரை ஒட்டி நின்றது. அதைப் பற்றிப் பேசியோர் சிலரே. ஆகவே சந்தையில் விற்கத்தக்க பங்காயின், எடுத்தவுடனேயே வரிக்கு வேண்டிய அளவையேனும் விற்றுவிடுவது நன்று.

அரசின் சான்று பெற்ற புதுத் தொழில் நிறுவனங்களின் ஊழியருக்கு 2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு சலுகை தந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வரை வரியைத் தள்ளிவைக்கலாம். அதற்குள் பங்கை விற்றாலோ வேலையை விட்டாலோ உடனே கட்ட வேண்டும். சலுகை எல்லா நிறுவனங்களுக்கும் உரியதன்று. தம் நிறுவனம் அப்பட்டியலில் உள்ளதா என்பதைக் கையெழுத்திடுமுன்னரே கேட்டறிதல் வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தின் பங்கை வைத்திருப்போர், அதை விற்காவிடினும், ஆண்டுதோறும் வருமான வரிப் படிவத்தில் அதற்குரிய அட்டவணையில் குறிப்பிடுதல் கட்டாயம்.