கவிழ்த்துப் பார்க்கும் கலை

ட்ரெஸ்டன் நகரின் ஸ்விங்கர் அரண்மனையில் உள்ள பழைய ஜப்பானியப் பீங்கான்கள் பலவற்றின் அடியில் ஓர் எண்ணும், பக்கத்தில் சிலுவைக் குறியும் இருக்கும். பளபளப்புப் பூச்சைக் கீறி, கீறலில் கறுப்பு ஏற்றியிருப்பார்கள். 1721இல் தொடங்கிய அரண்மனைக் கணக்கெடுப்பின் அடையாளம் இது. சிலுவை என்றால் ஜப்பான் சரக்கு.

அவற்றை வாங்கிக் குவித்தவர் சாக்சனியை ஆண்ட 'பலசாலி' அகஸ்டஸ். தமக்குப் பீங்கான் நோய் பிடித்திருப்பதாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். மிகைப்படுத்தவில்லை: 1717இல் 600 குதிரைப்படை வீரர்களைப் பிரஷ்ய மன்னரிடம் கொடுத்துவிட்டு, 151 சீனப் பீங்கான்களை வாங்கிக்கொண்டார். ஜப்பானியப் பீங்கான் அந்நாட்டின் அரிட்டா ஊரில் சுடப்பட்டு, டச்சுக் கம்பெனியின் கப்பல்களில் ஐரோப்பாவுக்கு வந்தது. நம் நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் கைக்குள் வைத்திருந்த அதே கம்பெனிதான்.

காசு கொடுத்துக் கட்டுப்படியாகுமா? சொந்தமாகவே செய்துவிட 1710இல் மைசென் ஆலை எழுந்தது. பின்னாளில் போலியும் வந்தது. பாரிஸ் வியாபாரி லெமேர், அரசரின் ஜப்பானியப் பீங்கான்களைப் பார்த்து அச்சு அசலாகச் செய்து தரும்படி மைசெனிடம் கேட்டார். ஆலையின் குறுக்குவாள் முத்திரை வேண்டாம், போட்டாலும் பூச்சுக்கு மேல் போடுங்கள் என்றார். அப்படிப் போட்டால் சுரண்டி எடுத்துவிடலாமே! ஜப்பான் சரக்கு என்று சொல்லி விற்பதுதான் திட்டம். உடந்தையாக இருந்த அமைச்சர் கவுண்ட் ஹோயிம் 1731இல் பதவியை இழந்தார்.

ஆகவே, சேகரிப்பவர்கள் ஓவியத்தை ரசிக்கும் முன் பொருளைக் கவிழ்க்கிறார்கள். அரிட்டாத் தட்டுகளின் அடியில் மிளகைவிடச் சின்னதாகச் சில தழும்புகள் தென்படும். சூளையில் தட்டு தொய்ந்துவிடாமல் களிமண் முளைகளால் முட்டுக் கொடுத்த தடம் அது. அரண்மனைச் சரக்கில் ஒரு பகுதி 1919, 1920 ஆண்டுகளில் பெர்லினில் ஏலம் போனதால், சிலுவைக் குறியுள்ள பொருள்கள் இன்றும் தனியார் கைகளில் இருக்கின்றன. விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

சாதாரண ஆசாமிக்கு இருபதாம் நூற்றாண்டுச் செட்டுகள் போதும். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானவற்றில் 1891க்குப் பிறகு 'நிப்பான்' என்றும், 1921 முதல் 'ஜப்பான்' என்றும் எழுதியிருக்கும். சில மெல்லிய கோப்பைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், அடியில் ஒரு கெய்ஷாவின் முகம் தெரியும். அந்த உத்தி ஜப்பானுடையது அல்ல. 1820களில் பிரான்சில் தொடங்கி, பெர்லின் அரச ஆலையில் கைதேர்ந்த வேலை அது. ஜப்பான்காரர்கள் பின்னாளில் எடுத்துக்கொண்டார்கள். லெமேருக்கு வட்டியோடு பதில் கிடைத்துவிட்டது.