எண்ணெய்க்குக் காய்ச்சல்

அமெரிக்காவில் நெவாடா, அரிஸோனா ஆகிய இரு ராஜ்யங்களுக்கும் எல்லையாக ஓடும் கொலராடோ நதியின் குறுக்கே டேவிஸ் அணை நிற்கிறது. அதன் அருகிலுள்ள புல்ஹெட் நகரிலிருந்து கிழக்கே மலையேறும் நெடுஞ்சாலை, 11 மைலுக்குச் சற்று அதிகமான தூரத்திற்குள் சுமார் 3,000 அடி உயர்ந்துவிடுகிறது. பாலைவனத்து வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டை எட்டியிருக்கும் வேளையில், பின்னால் கனத்த டிரெய்லர் ஒன்றைப் பூட்டிக்கொண்டு, உள்ளே ஏர்கண்டிஷனரையும் முழு வேகத்தில் ஓடவிட்டுக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் (பின்புறம் இரட்டைச் சக்கரம் உள்ளதானால் 35 மைல்) இந்த ஏற்றத்தை ஏறி முடிக்கவேண்டும் என்பது, பிக்கப் டிரக்குகள் இன்ன பாரத்தை இழுக்கவல்லவை என்று சொல்லிக்கொள்வதற்கு அந்நாட்டு மோட்டார் எஞ்சினியர்கள் சங்கம் வகுத்திருக்கும் பரீட்சைகளுள் ஒன்று. வேடிக்கை பார்ப்பவர்கள் எஞ்சினைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். எனக்கோ, அதன் பின்னால் யார் கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டிருக்கும் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் மீதே இரக்கம் பிறக்கிறது.

கிளட்ச் மிதிக்கும் காலுக்கு ஓய்வு கொடுத்த அந்தப் பெட்டியின் வாசலில் டார்க் கன்வர்ட்டர் என்னும் உருண்டைப் பாத்திரம் ஒன்று இருக்கிறது. ஜெர்மானியரான ஹெர்மன் ஃபாட்டிங்கர், அதிவேகமாகச் சுழலும் நீராவி டர்பைனைக் கப்பலின் மெதுவான சுழல்விசிறியோடு இணைக்க வழி தேடி, 1905-ல் உரிமை பெற்ற உபாயம் அது. எதிரெதிரே நிற்கும் இரண்டு இதழ்ச் சக்கரங்கள், இடையே எண்ணெய். எஞ்சின் சுழற்றும் சக்கரம் எண்ணெயை வாரி வீச, அந்தப் பிரவாகம் மற்றதன் இதழ்களில் மோதி அதைத் திருப்புகிறது. நடுவில் உள்ள மூன்றாவது சக்கரம், திரும்பி வரும் எண்ணெயைத் திசை மாற்றி அனுப்புவதால், வண்டி கிளம்பும் தருணத்தில் திருப்புவிசை ஏறக்குறைய இரட்டிக்கிறது. இரும்பும் இரும்பும் தொடாமலே சக்தி கைமாறும் இந்த ஏற்பாட்டில், எண்ணெய் திருப்பும் சக்கரம் எஞ்சின் சுழற்றும் சக்கரத்தைவிடச் சற்றே பின்தங்கிச் சுழல்வது இயல்பு. அந்தப் பின்தங்கலில் நஷ்டமாகும் சக்தி எங்கே போகிறது?

மான்செஸ்டர் பக்கத்து மதுவடிப்பாளர் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல், 1840-களிலேயே இதற்கு விடை சொல்லிவிட்டார். ஜலம் நிறைந்த பாத்திரத்தில் ஒரு துடுப்புச் சக்கரத்தை வைத்து, கீழே இறங்கும் எடைக்கற்களால் அதைச் சுழலச் செய்து, எடைக்கற்களை இருபது தடவை இறக்கி ஏற்றிய பிறகு ஜலத்தின் உஷ்ணம் சுமார் அரை டிகிரி பாரன்ஹீட் உயர்ந்ததை அவர் அளந்து காட்டினார். டார்க் கன்வர்ட்டர் அதே பாத்திரம்தான். எடைக்கற்களின் ஸ்தானத்தில் டிரக் எஞ்சின் இருக்கிறது, அவ்வளவே. 200 கிலோவாட் சக்தியில் பத்தில் ஒரு பங்கு இப்படி வீணானால் 20 கிலோவாட், அதாவது வெந்நீர் போடும் 2 கிலோவாட் ஹீட்டர்கள் பத்தை அந்தச் சில லிட்டர் எண்ணெய்க்குள் அமிழ்த்தியதற்குச் சமம். வண்டி நகராமல், பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒருங்கே மிதித்துக்கொண்டு நின்றாலோ முழுச் சக்தியும் உஷ்ணமே.

அந்தச் செந்நிற எண்ணெயோ சாதாரண மசகு அல்ல. சக்தியைக் கடத்துவது, உள்ளே கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பது, பற்சக்கரங்களுக்கு வழவழப்புத் தருவது, உஷ்ணத்தைச் சுமந்து வெளியேற்றுவது என்று எல்லா ஊழியமும் அதன் தலையில்தான். (1970-களின் தொடக்கம் வரை அதில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பெண்ணெயும் கலந்திருந்தது, அந்தப் பிராணியைக் காக்க அமெரிக்கா சட்டம் செய்த பிறகே ரசாயன சாஸ்திரிகள் மாற்றுப் பொருள் தேடினார்கள்.) 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை அது சுகமாக இருக்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. ரசாயன மாற்றங்களின் வேகம் உஷ்ணத்தோடு எப்படிப் பெருகுகிறது என்று ஸ்வீடன் தேசத்து அரீனியஸ் 1889-ல் வகுத்த விதியின் நடைமுறை உருவமே அது. 115 டிகிரியைக் கடந்தால் எண்ணெய் வார்னிஷ் போலப் படியத் தொடங்குகிறது. மேலும் ஏறினால் ரப்பர் சீல்கள் இறுகி, அழுத்தம் குறைந்து, கிளட்ச் தகடுகள் வழுக்கி, அந்த வழுக்கலே இன்னும் உஷ்ணத்தைப் பெருக்குகிறது.

வழக்கமாக எண்ணெய் ஒரு குழாய் வழியே ரேடியேட்டருக்குள் சென்று குளிர்ந்து திரும்புகிறது. ஆனால் ரேடியேட்டரின் ஜலமே 90 டிகிரிச் சூட்டில் இருக்கையில், அதனிடம் போய்க் குளிர்ச்சி யாசிப்பவனுக்கு எவ்வளவுதான் கிடைக்கும்? ஆகையால்தான் பாரம் இழுக்கும் வண்டிகளில், ரேடியேட்டருக்கு முன்னால் காற்று படும் இடத்தில் தனியாக ஓர் ஆயில் கூலர் வைக்கிறார்கள். பணம் செலவழிப்பதற்கு இதைவிட உருப்படியான இடம் அந்த வண்டியில் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஓட்டுகிறவரின் சாமர்த்தியமும் உண்டு. சம வேகத்தில் ஓடுகையில் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் லாக்-அப் கிளட்ச் இக்காலக் கன்வர்ட்டர்களில் இருக்கிறது. பூட்டியிருக்கும்வரை வழுக்கல் இல்லை, அதனால் வரும் உஷ்ணமும் இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் உயர்ந்த கியரைப் பிடித்துக்கொண்டு திணறினால் அந்தப் பூட்டு விடுபட்டுவிடும். எஞ்சின் சற்றே இரைந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே கீழ்க் கியருக்கு இறங்கினால், பூட்டும் நிலைக்கும், எண்ணெய்ப் பம்பும் வேகமாகச் சுழன்று கூலருக்குள் அதிக எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், மிகுந்தால் நுரைக்கும். அளந்து பார்க்க உதவும் டிப்ஸ்டிக்கைப் பல புது வண்டிகளில் எடுத்தேவிட்டார்கள். அது முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. உஷ்ணமானி இல்லாமல் எச்சரிக்கை விளக்கு மட்டும் இருந்தால், அது எரிவது அந்நாளில் தந்தி வந்து சேர்ந்ததைப் போல: விஷயம் அதற்குள் நடந்து முடிந்திருக்கும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் பாரத்தோடு மலையேறும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உச்சியில் ஓரமாக நிறுத்தியவுடன், பாவம் களைத்துவிட்டது என்று எஞ்சினை அணைத்துவிடாதீர்கள். எண்ணெயைக் கூலருக்கு அனுப்பும் பம்பைச் சுழற்றுவது எஞ்சின்தான். அது நின்றால் எண்ணெய் சுட்ட இடத்திலேயே தேங்கிவிடும். கியரைப் பார்க்கில் போட்டு, கைப் பிரேக்கை இழுத்து, எஞ்சினைச் சில நிமிஷங்கள் சும்மா ஓடவிட்டு, அதன் பிறகு சாவியைத் திருப்புங்கள்.