வீட்டுத் திரையரங்கில் சூழொலி அமைவு

சூழொலி என்பது கேட்பவரைச் சுற்றிப் பல ஒலிபெருக்கிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலித்தடத்தை அனுப்பி, ஒலி வரும் திசையை உணரச் செய்யும் முறையாகும். வீடுகளில் இப்பணியைச் செய்வது ரிசீவர் எனப்படும் ஒலிப்பெறுவி ஆகும். அறையின் அளவு, சுவர், இருக்கை ஆகியவற்றுக்கு ஏற்ப இதனைச் சரிசெய்யாவிடில், விலையுயர்ந்த கருவியிலும் வசனம் தெளிவாகக் கேட்காது. "பேச்சு புரியவில்லை, சண்டைக் காட்சி வந்தால் காது அடைக்கிறது" என்னும் பரவலான முறையீட்டுக்குப் பெரும்பாலும் காரணம் கருவியன்று. அதன் அமைவும் அறையுமே.

தமிழ்த் திரையரங்குகளில் சூழொலி 1990களில் பரவியது. டால்பி ஒலியுடன் வந்த குருதிப்புனல் (1995), டிடிஎஸ் ஒலியுடன் வந்த கருப்பு ரோஜா (1996) ஆகியவை இதில் முன்னோடிப் படங்கள். பின்னர் டிவிடி வழியாக இது வீடுகளுக்கு வந்தது.

ஒலிபெருக்கிகளின் இடம்

5.1 முறையில் நடு, முன் இடம், முன் வலம், சூழ் இடம், சூழ் வலம் என ஐந்து ஒலிபெருக்கிகளும், சப்வூஃபர் எனப்படும் தாழ்சுர ஒலிபெருக்கி ஒன்றும் உள்ளன. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, முன் ஒலிபெருக்கிகள் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையிலும், சூழ் ஒலிபெருக்கிகள் 100 முதல் 120 பாகை வரையிலும் அமைய வேண்டும். அதாவது சூழ் ஒலிபெருக்கிகள் இருக்கைக்குப் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி இருக்கும். பலர் செய்வதுபோல் பின்சுவரின் மூலைகளில் மாட்டுவது இதற்குப் பொருந்தாது.

பெறுவியில் செய்ய வேண்டியவை

முதலில் தொலைவு. ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள நீளத்தை நாடாவால் அளந்து பெறுவியில் பதிய வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 3 மீட்டரில் முன் ஒலிபெருக்கியும் 1.5 மீட்டரில் சூழ் ஒலிபெருக்கியும் இருந்தால், பின்னதன் ஒலி 4.4 மில்லிநொடி முந்தி வந்துவிடும். மூளை முதலில் வந்த ஒலியின் திசையையே நம்புகிறது. எனவே பெறுவி அருகிலுள்ளதைத் தாமதப்படுத்துகிறது. தொலைவைக் கூட்டிப் பதிந்தால் ஒலி உரக்கக் கேட்கும் என்ற எண்ணம் தவறு. இவ்வமைவு நேரத்தை மட்டுமே மாற்றுகிறது.

அடுத்து ஒலி மட்டம். பெறுவி எழுப்பும் சோதனை இரைச்சல், இருக்கையில் எல்லா ஒலிபெருக்கிகளிலிருந்தும் ஒரே அளவில், பொதுவாக 75 டெசிபலில், கேட்க வேண்டும். கைபேசி அளவிச் செயலி மிகத் துல்லியமானதன்று. எனினும் ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில்தான் பதியப்படுகிறது. எனவே பேச்சு அமுங்கினால் மொத்த ஒலியைக் கூட்டாமல், நடு ஒலிபெருக்கியை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்துவதே முறை.

மூன்றாவது பிரிப்பு அலைவெண். சிறிய ஒலிபெருக்கிகளுக்கு 80 எர்ட்சு நல்ல தொடக்கம். அதற்குக் கீழான ஒலி தாழ்சுர ஒலிபெருக்கிக்குச் செல்லும்.

இவையனைத்தையும் ஒலிவாங்கி மூலம் தானே அளக்கும் வசதி இன்று பல பெறுவிகளில் உண்டு. அது தாழ்சுர ஒலிபெருக்கியின் தொலைவை உண்மையைவிட மிகுதியாகக் காட்டினால் திருத்த வேண்டியதில்லை. அக்கருவியின் உட்சுற்று ஏற்படுத்தும் தாமதமும் அதில் சேர்ந்துள்ளது. தொலைக்காட்சியிலிருந்து ஏஆர்சி வழியே ஒலி எடுக்கும்போது, அதன் ஒலி வெளியீடு பிசிஎம் என்றிருந்தால் இரண்டு தடங்களே வரும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அறையும் துணியும்

திருப்பூர் வட்டாரத்தின் காங்கிரீட் கூரை, பளிங்கு அல்லது ஓட்டுத் தரை, பூசிய சுவர் கொண்ட அறைகள் ஒலியைச் சிறிதே உறிஞ்சுகின்றன. 3.6 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் கொண்ட வெற்றறையின் பரப்புகள் விழும் ஒலியில் 3 விழுக்காட்டை மட்டும் உறிஞ்சுவதாகக் கொண்டால், எதிர்முழக்கம் சுமார் 3.2 நொடி நீடிக்கும். ஓர் அசை அடங்குமுன் அடுத்த அசை வந்து மோதும். பாதி ஒலியை உறிஞ்சும் தடித்த, மடிப்புள்ள திரைச்சீலையை 8 சதுர மீட்டர் அளவில் தொங்கவிட்டால் இது 1.3 நொடியாகக் குறையும். இக்கணக்குக்கு அடிப்படையான வாய்பாட்டை வாலஸ் சபைன் 1890களில் ஹார்வர்டில் கண்டறிந்தார். அவர் பயன்படுத்திய கருவிகளுள் முதன்மையானவை அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகள்.

துணிக்குப் பஞ்சமில்லாத ஊரில் எல்லாத் துணியும் இதற்கு உதவும் என எண்ணலாகாது. மெல்லிய பனியன் துணி ஒலியைத் தடையின்றி விடுகிறது. ஒலிபெருக்கியின் முகத்தை மூட அதுவே ஏற்றது. உறிஞ்சுவதற்குத் தடிமன் வேண்டும். சட்டத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் தடிமனுக்கு அடைத்த கழிவுப் பஞ்சு பேச்சு அலைவெண்களில் நன்கு பயன்படும். ஆயினும் தீப்பற்றக்கூடியது என்பதால் மின்கம்பிகளுக்கு அருகே வைக்கக் கூடாது. 100 எர்ட்சு ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர் என்பதால், தாழ்சுரத்தை எந்தத் திரைச்சீலையும் அடக்காது.

பொதுச் சுவர் உள்ள வீடுகள்

தாழ்சுரம் சுவரையும் எளிதில் கடக்கிறது. லைன் வீடுகளில் ஒரே சுவரின் மறுபுறம் இரவுப்பணி முடித்த ஆலைத் தொழிலாளர் பகலில் உறங்கக்கூடும். இத்தகைய வீடுகளில் தாழ்சுர ஒலிபெருக்கியைப் பொதுச் சுவரிலிருந்து விலக்கி, அதன் மட்டத்தை 5 அல்லது 6 டெசிபல் குறைக்கலாம். பெறுவியின் இரவு நிலையை இயக்கினால், உரத்த ஒலி தணிந்து மெல்லிய பேச்சு உயரும். பல்லடம், சோமனூர் பகுதிகளில் தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் பகலிலும் இந்நிலை பயன்தரும். தறியோசையில் அமுங்கும் மெல்லிய வசனங்களை இது மேலே கொண்டுவருகிறது.

ஒற்றைத் தடத்தில் பதிவான பழைய படங்களுக்குச் சூழொலி நிலை தேவையில்லை. அவற்றை டால்பி புரோலாஜிக் நிலையில் இயக்கினால் முழு ஒலியும் நடு ஒலிபெருக்கியில் மட்டுமே கேட்கும். மற்றவை பழுதாகிவிட்டதாகக் கருத வேண்டியதில்லை.