போடிமெட்டுச் சாலை: இறக்கத்துக்குத் தயாராகும் காரும் ஓட்டுநரும்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு செல்லும் தேசிய நெடுஞ்சாலை 85, அடிவாரத்திலுள்ள முந்தலைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்திலுள்ள போடியிலிருந்து, 1,300 மீட்டருக்கு மேலுள்ள போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக அது போய்ச் சேர்கிறது. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்கள். ஏற்றத்தில் என்ஜின் திணறுவது காதில் கேட்கும். அதனால் ஓட்டுநர் என்ஜினைப் பற்றியே கவலைப்படுகிறார். உண்மையில் காரைத் தயார் செய்ய வேண்டியது இறங்குவதற்காகத்தான்.

1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் கீழே இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயர்களும் வாங்கிக்கொள்ளும். மீதியை என்ஜின் தாங்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும். காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயிலும் ஆபத்தாகும். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சக்கூடியது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, மிதித்த பெடல் தரைவரை போகும். பேட் தேய்மானத்தைப் பார்க்கச் சொல்லும் பலர், ஆயில் மாற்றி எத்தனை வருடமாயிற்று என்று கேட்பதில்லை. மலைக்குப் புறப்படும் முன் மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

எந்த கியரில் ஏற முடிகிறதோ அதே கியரில் இறங்குவது மலை ஓட்டுநர்களின் பழைய வழக்கம். இரண்டாம் கியரில் என்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். பிரேக்கை அவ்வப்போது மிதித்தால் போதும். ஆட்டோமேட்டிக் கார்களில் கியரைக் குறைத்து நிறுத்தும் வசதி எங்கே இருக்கிறது என்று சமவெளியிலேயே பழகிக்கொள்ள வேண்டும். மின்சாரக் காரின் பேட்டரி நிரம்பியிருந்தால் மோட்டாரின் தடுப்பு குறையும் என்பதால், மேலே முழுச் சார்ஜ் ஏற்றி இறங்குவது நல்லதல்ல. எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவதும் என்ஜினை அணைப்பதும் கொடிய தவறுகள். என்ஜின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும், இரண்டும் கல்லாகக் கனக்கும்.

டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் சட்டப்படியே அது ஓடத் தகுதியற்றது. மழைக்காலத்தில் அந்த அளவு வரும்வரை காத்திருக்கவும் கூடாது. வைப்பர், ஹார்ன், விளக்குகள், ஸ்டெப்னியின் காற்று, கூலன்ட் அளவு ஆகியவற்றை என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்கலாம்.

ஓட்டுநரின் தயாரிப்பு முந்தைய இரவே தொடங்குகிறது. வெளியூரிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்து, விடியலில் நேராக மலையேறுவது மிகவும் ஆபத்தானது. சளிக்கும் வாந்திக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். அவற்றைப் பின்னால் இருப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம், ஓட்டுபவர் கூடாது.

புறப்படும் நேரமும் முக்கியம். காலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே போகும், வேலை முடிந்து திரும்பி இறங்கும். அவற்றில் இருப்பவர்களில் பலர் அன்றாடக் கூலிக்காகப் போகும் பெண்கள். எதிரே வரும் காரின் அவசரம் அவர்கள் உயிரோடு விளையாடுகிறது. குறுகிய இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. பேருந்தும் லாரியும் கொண்டை ஊசியில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும் என்பதால், வளைவுக்கு முன்பே நின்று விடுவது நல்லது.

மேலே மூடுபனி இறங்கினால் ஹைபீம் பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும், லோபீம்தான் உதவும். வடகிழக்குப் பருவமழையில் பாறை சரிவதுண்டு. முந்தலில் விசாரித்துவிட்டே ஏற வேண்டும், பாறைச் சரிவின் அடியில் வண்டியை நிறுத்தக் கூடாது.

இறக்கத்தில் கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி, சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, கியரில் போட்டு, டயருக்குக் கல் வைக்க வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வளையலாம், விரிசல் விடலாம். அரை மணி நேரமாவது தானாக ஆற விட வேண்டும். அதன்பிறகும் பெடல் மெத்தென்று அமுங்கினால் அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல், மெக்கானிக்கை அங்கேயே வரவழைக்க வேண்டும்.