வயிற்றுக்குள் ஒரு வீக்கம்: வெடிக்கும் முன் கண்டுபிடிப்போம்!



"வாயு பிடிச்சிருக்கு, ஒரு சோடா குடிச்சா சரியாயிரும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் அது வாயுதான். ஆனால் பீடி பிடிக்கும் வயதானவர்களுக்கு வேறு காரணமும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்வோம்.

அது என்ன வீக்கம்?

இதயத்திலிருந்து வரும் பெரிய இரத்தக்குழாய் முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்குகிறது. அங்கே அதன் அகலம் சுமார் 2 செ.மீ. சைக்கிள் டியூப் நைந்த இடத்தில் புடைப்பது போல, குழாயின் சுவர் பலவீனமான இடத்தில் புடைக்கும். 3 செ.மீ. ஆகிவிட்டால் டாக்டர்கள் 'அனூரிசம்' என்பார்கள். பல வருடம் வலியே தெரியாது. வெடித்தால் பிழைப்பது கடினம். விஞ்ஞானி ஐன்ஸ்டீன் 1955-ல் இப்படித்தான் இறந்தார்.

யாருக்கு வரும்?

65 வயது தாண்டிய, புகைப்பழக்கமுள்ள ஆண்களுக்கு அதிகம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், கூடப்பிறந்தவர்களுக்கு இது இருந்தவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பெண்களுக்கு வருவது குறைவு. வந்தாலோ, சிறிய அளவிலேயே வெடிக்கும் ஆபத்து உண்டு.

வயிற்றைக் கிழிக்காமல் வைத்தியம் உண்டா?

உண்டு. வீக்கம் சிறிதாக இருந்தால் மாத்திரையும், அவ்வப்போது ஸ்கேனும் போதும். ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. வந்தால் சரிசெய்ய யோசிப்பார்கள். முன்பு வயிற்றைத் திறந்துதான் ஆபரேஷன். 1990-ல் அர்ஜென்டினா நாட்டு டாக்டர் பரோடி புது வழி காட்டினார். தொடை இடுக்கில் சிறு துளை போட்டு, கம்பி வலையும் துணியும் சேர்ந்த குழாயை மடித்து உள்ளே அனுப்புகிறார்கள். எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, வீங்கிய இடத்தில் அதை விரிக்கிறார்கள். இரத்தம் புதுக்குழாய் வழியே ஓடுவதால் நைந்த சுவருக்கு அழுத்தம் குறைகிறது. சில நாட்களில் வீடு திரும்பலாம். ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. செய்துகொண்டவர்கள் கடைசிவரை ஸ்கேன் பார்த்துவர வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

* வீட்டு ஆண்களின் பீடியை நிறுத்த வையுங்கள்.
* 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வரும்போது பிரஷர் பாருங்கள், மாத்திரையை விடாதீர்கள்.
* மேலே சொன்னவர்கள் வீட்டில் இருந்தால், கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் வயிற்று ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். ஊசி, கத்தி எதுவும் கிடையாது.
* பெரிய வீக்கம் என்றால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் இரத்தக்குழாய்க்கென்றே தனிப்பிரிவு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோய், செலவு கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.
* திடீரென வயிறோ முதுகோ தாங்கமுடியாமல் வலித்து, வியர்த்து, மயக்கம் வந்தால் கை வைத்தியம் வேண்டாம். உடனே 108!

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள், சகோதரிகளே. சேமிப்பைப் போல உயிரையும் முன்கூட்டியேதான் காக்க வேண்டும்.