கடலடிக் குழாயின் கவசங்கள்

கடலின் அடியிலே கிடக்கும் எண்ணெய்க் குழாய்க்கு இருபுறமும் பகை உண்டு. உள்ளே செல்லும் எண்ணெயின் அமுக்கம் அதனை வெடிக்கச் செய்ய முயலும். வெளியே சூழ்ந்த நீரின் அமுக்கம் அதனை நசுக்க முயலும். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. இப்பகைகளை ஒரே சுவர் எதிர்ப்பதிலும் பார்க்க, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அடுக்கை அமைப்பது ஒரு வழியாகும்.

இவ்வழியின் பயனை இரண்டாம் உலகப் போர் காட்டியது. பிரான்சில் இறங்கவிருந்த நேசநாட்டுச் சேனைகளுக்கு ஆங்கிலக் கால்வாயின் அடியாகப் பெற்றோல் அனுப்ப வேண்டியிருந்தது. 1942ஆம் ஆண்டில் ஹாட்லி என்னும் பொறியியலாளர், கடலடித் தந்திவடம் போலச் சுருட்டிக் கப்பலில் ஏற்றத்தக்க குழாயொன்றை எண்ணினார். அதன் நடுவே ஈயக் குழாய் பெற்றோல் கசியாது காத்தது. அதைச் சுற்றிய உருக்குப் பட்டைகள் உள்ளமுக்கத்தைத் தாங்கின. அவற்றின் மேலிருந்த உருக்குக் கம்பிகள், குழாயைக் கடலில் இறக்குங்கால் உண்டாகும் இழுவையைத் தாங்கின.

எனினும், பரீட்சையின்போது பட்டைகளின் இடைவெளிகளூடாக மெல்லிய ஈயம் பிதுங்கிற்று. அடுக்குகள் சந்திக்கும் இடமே பலவீனமாயிருந்தது. இரண்டு பட்டை அடுக்குகள் நான்காக்கப்பட்டபின் அக்குறை நீங்கியது. கடல்நீர் நசுக்காதிருக்க, அமுக்கமூட்டிய நீரை உள்ளே நிரப்பியே குழாயை இறக்கினர். 1942 டிசெம்பரில் பிரிஸ்டல் கால்வாயில் அது வெற்றியுடன் இடப்பட்டது. ஆயினும் 1944 ஓகஸ்டில் சேர்பூர்க் நோக்கி இட்ட முதற் குழாய், துணைக்கப்பலொன்றின் நங்கூரத்திற் சிக்கிப் பாழாயிற்று. பின்னர் ஒக்டோபரில் டஞ்சனெஸ்–பூலோன் வழியே பெற்றோல் பாயத் தொடங்கிற்று.

இன்று ஆழ்கடலில் ஒரு குழாயினுள் மற்றொரு குழாயை வைத்து, இடையே வெப்பங்காக்கும் பொருளை நிரப்புவதுண்டு. வெளிக்குழாய் சிறிதளவு நீள்வட்டமாயிருப்பினும் அதன் எதிர்ப்பாற்றல் குறையும். ஓரிடத்தில் தொடங்கிய நசுங்கல், தொடங்குதற்கு வேண்டியதிலும் குறைந்த அமுக்கத்திலேயே நெடுந்தூரம் ஓடவல்லது. ஆதலின் இடையிடையே தடித்த வளையங்களைப் பொருத்தி அதனைத் தடுக்கின்றனர்.

எந்த இரு குழாய்த் துண்டுகளும் முற்றும் ஒத்தனவல்ல. கடலின் சுமையும் என்றும் ஒன்றல்ல. ஆகவே சராசரி வலிமையை மட்டும் நம்பாது, மிகப் பலவீனமான துண்டும் மிகப் பெரிய சுமையும் சந்திக்கும் வாய்ப்பைக் கணித்து, அதனை மிகச் சிறிதாக்குவதே பாதுகாப்பான அமைப்பாகும். உடைந்த குழாயின் எண்ணெய் மீனவரின் கடலிற் பரவுமாதலால், இக்கணக்கின் பிழையைக் கரையிலுள்ளோரும் சுமக்க நேரிடும்.