சாவிக்கொத்து வெளியே இருக்கட்டும்

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் ஊர் வழக்கம். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். பெயர் மட்டும் சாவிக்குப் போகும். வலிப்பு நோயாளிகளுக்குச் செய்யும் எம்.இ.ஜி. பரிசோதனை அறையில் கதையே வேறு. சாவி, கொலுசு, ஹேர்பின் எதற்கும் அங்கே அனுமதி கிடையாது.

மூளையின் நரம்பு செல்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக இயங்கும்போது மின்னோட்டம் பாய்கிறது. கூடவே காந்தப்புலமும் எழுகிறது. அதை அளப்பதுதான் எம்.இ.ஜி. பூமியின் காந்தப்புலத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாத அளவு அது. பக்கத்தில் ஒரு லிஃப்ட் ஏறி இறங்கினாலே காணாமல் போய்விடும். அதனால்தான் காந்தத்தைத் தடுக்கும் உலோகச் சுவர்களுடன் தனி அறை, சாவிக்கும் தடை. அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் கோஹன் 1968-இல் தாமிரக் கம்பிச் சுருளை வைத்தே மூளையின் காந்தப்புலத்தை முதன்முதலாக அளந்தார். இன்றைய கருவியின் தலைக்கவசத்தில் சுமார் 300 உணரிகள், மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தின் குளிரில் வேலை செய்கின்றன.

எம்.ஆர்.ஐ.யோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உடலுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்தும். தடதடவென்று சத்தம் போடும். எம்.இ.ஜி. எதையும் செலுத்துவதில்லை, சத்தமும் இல்லை.

ஒருவருக்கு வலிப்பு நோய் இருக்கிறதா என்று சொல்ல, வலிப்பை நேரில் பார்த்தவரின் விவரிப்பும், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் பெரும்பாலும் போதும். எம்.இ.ஜி.யிடம் கேட்கும் கேள்வி, வலிப்பு மூளையில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்தால் வலிப்பு அடங்குவதில்லை. அவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை உதவும், ஆனால் இடம் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். மண்டையோடு மின் சமிக்ஞையைக் கலக்கிவிடுவதால் இ.இ.ஜி.யில் இடம் மங்கலாகத் தெரியும். காந்தப்புலத்துக்கோ எலும்பு ஒரு பொருட்டே அல்ல.

பரிசோதனையின்போது வலிப்பு வரவேண்டும் என்பதில்லை. இடைப்பட்ட நேரத்தில் மூளை எழுப்பும் கூரான அலைகளே போதும். அவை பிறந்த இடங்களை எம்.ஆர்.ஐ. படத்தின் மேல் புள்ளிகளாகக் குறிப்பார்கள். புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தால் அங்கே சந்தேகம் விழும். 'எல்லாம் நார்மல்' என்று ஒதுக்கிய எம்.ஆர்.ஐ. படத்தை மறுபடி பார்த்து, நுண்ணிய கோளாற்றைக் கண்டெடுத்ததும் உண்டு.

ஆனால் மூளையின் ஆழத்தில் எழும் அலைகள் எம்.இ.ஜி.க்கு எளிதில் சிக்குவதில்லை. செலவும் கொஞ்சநஞ்சமல்ல, இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இந்த வசதி இருக்கிறது. ஹீலியமே தேவைப்படாத, தலையில் மாட்டிக்கொண்டு அசையக்கூடிய கருவியை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். சிறு குழந்தையை அரை மணி நேரம் ஆடாமல் வைத்திருக்கும் பாடு அதனால் குறையும். தனி அறை மட்டும் அதற்கும் வேண்டும்.